நழுவிய கான்டாக்ட் லென்ஸ் கண்ணுக்குப் பின்னால் போகாது: எங்கே தேடுவது, எப்படி எடுப்பது

குரோம்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்ட கேள்விக்கான பதில் இது. அவருடைய தங்கைக்கு அடுத்த வாரம் கல்யாணம். மேக்கப் டிரையலுக்காகப் பவர் இல்லாத கலர் லென்ஸ் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ராத்திரி கழற்றும்போது இடது கண் லென்ஸ் சட்டென்று வந்துவிட்டது. வலது கண்ணில் இருந்ததைக் காணோம். கண் சிவந்து உறுத்துகிறது. “அது கண்ணுக்குப் பின்னாடி போயிடும், அப்புறம் ஆபரேஷன்தான்” என்று சித்தி பயமுறுத்துகிறார். தாய்ப்பால் இரண்டு சொட்டு விடச் சொல்கிறார் பாட்டி. யார் பேச்சைக் கேட்பது, நாமே எடுக்கலாமா, எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று கேட்கிறார். சென்னையில் லென்ஸ் பொருத்தும் வேலையில் இருக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட் நான். இதே பயத்தோடு வருகிறவர்கள் நிறைய என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

சித்தி சொல்வது நடக்காது. இரண்டு இமைகளின் உள்பக்கத்தையும் ஒரு மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. கன்ஜங்டைவா என்பார்கள். மெட்ராஸ் ஐ வந்தால் சிவந்து போவது இதுதான். இந்தச் சவ்வு மேல் இமையின் உள்பக்கமாக ஏறி, மேலே போய் மடிந்து திரும்பி, வெள்ளை விழியின் மேல் இறங்கி, கருவிழியின் ஓரத்தில் முடிகிறது. கீழ் இமையிலும் இதே கதைதான். சட்டைப் பையின் அடியைத் தைத்து மூடியிருப்பது போல அந்த மடிப்பு சுற்றிலும் மூடியே இருக்கிறது. பின்பக்கம் போக வழியே இல்லை. லென்ஸ் எவ்வளவு நழுவினாலும் அந்த மடிப்பு வரைதான்.

ஆனால் ஒளிந்துகொள்ளும், அதுவும் சாமர்த்தியமாக. கீழ் மடிப்பு ஆழம் குறைவு, இமையை இழுத்தாலே அடி வரை தெரிந்துவிடும். மேல் மடிப்புதான் ஆழம். சாஃப்ட் லென்ஸின் குறுக்களவு சுமார் 14 மில்லிமீட்டர். அது இரண்டாக மடிந்து மேல் இமைக்கு அடியில் சுருண்டுவிட்டால் கண்ணாடி முன் நின்று எவ்வளவு முறைத்துப் பார்த்தாலும் தெரியாது. 2017-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கேஸ் வந்தது. கேட்டராக்ட் ஆபரேஷனுக்கு வந்த 67 வயதுப் பெண்மணியின் ஒரு கண்ணில் சளியோடு ஒட்டி நீலமாகத் திரண்டிருந்த 17 லென்ஸ்களை எடுத்தார்கள். அப்புறம் பார்த்தால் இன்னும் 10. மொத்தம் 27. அவர் மாதாந்திர லென்ஸ் போடுகிறவர். கண் உறுத்தலை வயசு, கண் வறட்சி என்று நினைத்திருந்திருக்கிறார். அடுத்த வருஷம் ஸ்காட்லாந்திலிருந்து இன்னொன்று. மேல் இமையில் கட்டி என்று வந்த 42 வயதுப் பெண்ணின் கட்டிக்குள் ஒரு ஹார்டு லென்ஸ் இருந்தது. பதினான்கு வயதில் பேட்மின்டன் ஆடும்போது பந்து கண்ணில் பட்டு ‘விழுந்து தொலைந்துபோன’ லென்ஸ், 28 வருஷம் அங்கேயே இருந்திருக்கிறது. இவை அபூர்வம். ஆனாலும் ‘எங்கேயோ விழுந்திருக்கும், விடு’ என்று மறந்துவிடுவதும் தப்பு என்பதற்காகச் சொல்கிறேன். தொலைந்த லென்ஸ் மேல் இன்னொரு புது லென்ஸைப் போட்டுக்கொண்டு போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

இதில் கண்ணுக்குக் கெடுதல் செய்வது பெரும்பாலும் லென்ஸ் இல்லை, அதைத் தேடும் விரல்தான். ராத்திரி முழுக்கக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்துவிட்டுக் காலையில் வருகிறவர்களின் கருவிழியில் நகக்கீறல் இருக்கும், லென்ஸ் இருக்காது. அதனால் விரலை எடுத்துவிட்டு, முதலில் லென்ஸ் கண்ணில்தான் இருக்கிறதா என்று பாருங்கள்.

பவர் உள்ள லென்ஸ் என்றால் இது சுலபம். நல்ல கண்ணைக் கையால் மூடிக்கொண்டு எதிர்ச்சுவரில் இருக்கும் தினசரி காலண்டரைப் பாருங்கள். தேதி தெளிவாகத் தெரிந்தால் லென்ஸ் அதன் இடத்திலேயே, கருவிழியின் மேலேயே இருக்கிறது. மங்கலாக இருந்தால் நழுவியிருக்க வேண்டும், இல்லையென்றால் விழுந்திருக்க வேண்டும். உங்கள் தங்கை போட்டது பவர் இல்லாத லென்ஸ், இந்தச் சோதனை உதவாது. ஆனால் கலர் லென்ஸில் ஒரு சௌகரியம் உண்டு. கண்ணின் நிறம் பழையபடி கறுப்பாக இருக்கிறதா, மாறி இருக்கிறதா என்று பக்கத்தில் இருப்பவரே பார்த்துச் சொல்லிவிடலாம். நழுவி வெள்ளை விழிக்கு வந்திருந்தாலும் அந்த நிற வளையம் பளிச்சென்று தெரியும்.

கண்ணில் தெரியவில்லை என்றால் வெளியே தேடுங்கள். கன்னம், இமைமுடி, ஜாக்கெட்டின் முன்பக்கம், புடவை மடிப்பு, வாஷ்பேசின், தரை. காய்ந்த சாஃப்ட் லென்ஸ் சுருங்கி மொடமொடவென்று ஆகிவிடும், பார்த்தால் லென்ஸ் என்றே தோன்றாது. கழற்றிப்போட்ட இடது லென்ஸையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடப்பதும் உண்டு. சில பேர் போடும்போதே இரண்டையும் ஒரே கண்ணில் போட்டிருப்பார்கள், பொறுமையாக யோசித்தால்தான் ஞாபகம் வரும்.

எங்குமே இல்லை, ஆனால் கண் உறுத்துகிறது என்கிறீர்களா? உறுத்தலை மட்டும் நம்பி லென்ஸ் உள்ளே இருக்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம். முதல் கிள்ளிலேயே லென்ஸ் வெளியே வந்து எங்கோ விழுந்திருக்கும். அது தெரியாமல் வெறும் கருவிழியையே நாலைந்து முறை கிள்ளியிருப்பார்கள். கருவிழி மேல்தோலில் ஒரு சின்னக் கீறல் விழுந்தால் போதும், உள்ளே ஏதோ கிடப்பது போலவே இருக்கும். உறுத்துகிறதே என்று மறுபடியும் கிள்ள, கீறல் பெரிதாக, உறுத்தல் அதிகமாக, இப்படியே போகும்.

சரி, உள்ளேதான் இருக்கிறது, அல்லது இருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். கையை சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். பச்சை மிளகாய் நறுக்கிய கை, தலைக்கு எண்ணெய் தேய்த்த கை, மெஹந்தி வைத்து இன்னும் வாசம் போகாத கை, எதுவும் கண் பக்கம் வரக்கூடாது. கல்யாணப் பெண்ணுக்கு இப்போது நீண்ட நகமும் இருக்கும். அப்படியென்றால் நகம் வெட்டிய வேறு யாராவது உதவட்டும். கழுவிய கையைத் துவாலையில் துடைத்தால் நூல் ஒட்டும், டிஷ்யூவில் ஒற்றுங்கள் அல்லது உதறிக் காயவிடுங்கள்.

அடுத்தது ஈரம். நழுவிய லென்ஸ் வராமல் இருப்பதற்கு முக்கியமான காரணமே அது காய்ந்து ஒட்டிக்கொள்வதுதான். நாள் முழுக்க ஓஎம்ஆர் ஆபீஸில் ஏசிக்கு நேராக உட்கார்ந்து, இமைக்க மறந்து ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு ராத்திரி இதுதான் நடக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் கான்டாக்ட் லென்ஸ் ரீவெட்டிங் டிராப்ஸ் என்று கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் உள்ள கண் ஈரச் சொட்டு மருந்து எல்லாக் கடையிலும் இருக்கும். அதுவும் இல்லையென்றால் புதிதாக உடைத்த ஸ்டெரைல் நார்மல் சலைன். இரண்டு மூன்று சொட்டு விட்டு, கண்ணை இறுக்காமல் மெதுவாக மூடி, மூடிய இமைக்குள்ளேயே விழியை மேலும் கீழும் பக்கவாட்டிலும் உருட்டச் சொல்லுங்கள். சில நிமிஷம் பொறுத்து இன்னொரு முறை. இதிலேயே பாதிப் பேருடைய லென்ஸ் தானாக நடுவுக்கு வந்துவிடும், அல்லது ஓரத்தில் எட்டிப்பார்க்கும். அவசரப்படுகிறவர்கள் தாண்டிப்போவதும் இந்த இடத்தைத்தான்.

லென்ஸ் கழுவும் மல்டிபர்ப்பஸ் சொல்யூஷனைக் கண்ணில் ஊற்ற வேண்டாம். அது லென்ஸுக்கு, கண்ணுக்கு இல்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு வகை சொல்யூஷன் என்றால் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள், எரிச்சலில் கண்ணைத் திறக்கவே முடியாது.

இப்போது தேடுவது. ஒரு விதிதான்: எந்தப் பக்கம் தேடுகிறீர்களோ, விழி அதற்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். மூக்கைப் பார்க்கச் சொன்னால் காதுப் பக்க வெள்ளை விழி முழுக்கத் திறந்துகொள்ளும். காதுப் பக்கம் பார்க்கச் சொன்னால் மூக்குப் பக்கம். மேலே பார்க்கச் சொல்லிக் கீழ் இமையை இழுத்தால் கீழ் மடிப்பு. மேல் பக்கத்துக்குத்தான் ஒரு வித்தை தேவை. கைக்கண்ணாடியை மேஜை மேல் படுக்கவைத்து, அதன் மேல் குனிந்து, மேல் இமையை இமைமுடியோடு சேர்த்துப் புருவத்தை நோக்கித் தூக்கிப் பிடித்து, கண்ணாடியைக் கீழ்நோக்கிப் பார்க்க வேண்டும். நேராக நின்று பார்க்கும்போது தெரியாத இடமெல்லாம் அப்போது தெரியும். பக்கத்தில் இருப்பவர் செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து சாய்வாகக் காட்டட்டும். நேராக அடித்தால் கண் கூசி மூடிக்கொள்ளும், லென்ஸின் விளிம்பும் மினுங்காது. பவர் லென்ஸ்கள் பலவற்றில் கையாளுவதற்காக லேசான நீலச்சாயம் இருக்கும், வெள்ளை விழிமேல் அந்த ஓரம் மெல்லிய கோடாகத் தெரியும்.

லென்ஸ் வெள்ளை விழியில் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. கண்ட உடனே கிள்ளப் போகாதீர்கள். இன்னொரு சொட்டு விடுங்கள். விரல் நுனியின் சதைப்பகுதியை, நகத்தை அல்ல, லென்ஸின் மேல் லேசாக வைத்து, அது அசைகிறதா என்று பாருங்கள். அசைந்தால் அப்படியே வெள்ளை விழியின் கீழ்ப்பக்கத்துக்கோ வெளி ஓரத்துக்கோ நகர்த்தி, அங்கே வைத்துக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மடித்து எடுங்கள். கருவிழியின் மேல் வைத்துக் கிள்ள வேண்டாம், வெள்ளைப் பகுதியில் கிள்ளினால் ஆபத்து குறைவு. அசையவில்லை என்றால் இழுக்கவே கூடாது. ஒட்டிய லென்ஸை இழுத்தால் அடியில் இருக்கும் தோலும் சேர்ந்து உரியும். சொட்டு விடுங்கள், பத்து நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள், மறுபடி பாருங்கள். இமைக்கும்போது லென்ஸ் தானாக நகர ஆரம்பித்த பிறகுதான் எடுக்க வேண்டும்.

மேல் இமைக்கு அடியில் மாட்டிக்கொண்டது என்றால் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். சொட்டு விட்ட பிறகு கீழே பார்க்கச் சொல்லி, கண்ணை லேசாக மூடவைத்து, மூடிய இமையின் மேல் விரலை வைத்துப் புருவத்திலிருந்து இமைமுடிப் பக்கமாக மெதுவாக நீவிவிடுங்கள். அழுத்த வேண்டாம், கீழ்நோக்கி மட்டும் நீவுங்கள். தேய்ப்பதும் கூடாது. கண்ணை இறுக்கி மூடினால் விழி தானாக மேலே உருளும், லென்ஸும் கூடவே மேலே போகும். அதனால்தான் அழுதுகொண்டே கண்ணைக் கசக்குகிறவர்களுக்கு லென்ஸ் இன்னும் உள்ளே ஏறுகிறது. ஐந்தாறு முறை நீவிவிட்டுக் கண்ணைத் திறந்து பலமுறை இமைக்கச் சொல்லுங்கள். மடிந்திருந்த லென்ஸ் ஒரு கீற்று மாதிரி இமை ஓரத்தில் வந்து நிற்கும்.

மேல் இமையைத் திருப்பிப் பார்ப்பது என்று ஒன்று உண்டு. கீழே பார்க்கச் சொல்லி, இமைமுடியைப் பிடித்து லேசாக முன்னால் இழுத்து, இமையின் நடுவில் காதுகுடையும் பட்ஸை வைத்து அதன் மேல் மடித்துத் திருப்புவது. பழக்கம் இருக்கிறவர்கள் செய்யலாம். முதல் தடவையாக இன்று ராத்திரி முயற்சி செய்ய இது இடம் இல்லை. அப்படியே திருப்பினாலும் மேல் மடிப்பின் ஆழம் வரை தெரியாது. அதற்கு டெஸ்மார்ஸ் என்ற வளைந்த கருவியை வைத்து இரண்டாவது முறை திருப்ப வேண்டும், அது டாக்டர் வேலை.

லென்ஸ் வெளியே வந்ததும் உள்ளங்கையில் வைத்து, ஒரு சொட்டு சலைன் விட்டு விரித்துப் பாருங்கள். விளிம்பு வட்டமாக முழுசாக இருக்க வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்தத் துண்டு இன்னும் உள்ளே இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கிழிந்த சாஃப்ட் லென்ஸின் ஓரம் சின்னதாக இருந்தாலும் நன்றாகவே குத்தும். முழுசாக வந்திருந்தாலும் அந்த லென்ஸைத் திரும்பப் போட வேண்டாம், குப்பைக்கூடைக்குப் போகட்டும்.

எத்தனை நேரம் முயற்சி செய்யலாம் என்றால், நான் சொல்வது அரை மணி நேரம், அதிலும் பாதி கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கும் நேரம். அதற்குள் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். வலி இல்லை, பார்வை தெளிவு, வெளிச்சம் கூசவில்லை, சிவப்பும் லேசாகத்தான் என்றால் காலை வரை பொறுக்கலாம். ஆனால் காலையில் கட்டாயம் போய்க் காட்ட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வரை இழுக்கக் கூடாது. லென்ஸ் கருவிழியின் மேலேயே ஒட்டிக்கிடக்கிறது என்று தெரிந்தால் அப்படியே தூங்குவது நல்லதல்ல. லென்ஸோடு தூங்குகிறவர்களுக்குக் கருவிழித் தொற்று வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். அன்றைக்கு ராத்திரியே காட்டிவிடுங்கள்.

நேரம் பார்க்காமல் உடனே போக வேண்டிய அறிகுறிகள் வேறு சில உண்டு. சொட்டு விட்டும் குறையாத வலி. வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கண் மூடிக்கொள்வது. பார்வை புகைமூட்டமாக இருப்பது. கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி. பீளை. கண்ணில் அடிபட்ட பிறகு லென்ஸ் காணாமல் போனது. இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் தேடிக்கொண்டிருக்காதீர்கள். 1819-ல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனை எழும்பூரில் இருக்கிறது, நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில் சங்கர நேத்ராலயா இருக்கிறது. பக்கத்திலேயே கண் டாக்டர் உள்ள மருத்துவமனை இருந்தால் அங்கேயே போகலாம். கிளம்புவதற்கு முன் போன் போட்டு, அந்த நேரத்தில் கண் டாக்டர் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பொது கிளினிக்கில் கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லேம்ப் கருவி இருக்காது, போய்த் திரும்பியதுதான் மிச்சமாகும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு டூவீலர் ஓட்டிப் போக வேண்டாம், ஆட்டோவில் போங்கள்.

அங்கே என்ன செய்வார்கள் என்று தெரிந்தால் பயம் குறையும். மரத்துப்போகும் சொட்டு ஒன்று விடுவார்கள், ஒரு நிமிஷத்தில் உறுத்தல் போய்விடும். அப்புறம் ஃப்ளோரசீன் என்ற ஆரஞ்சு நிறச் சாயத்தை ஒரு சின்னத் தாள் பட்டையால் கண்ணில் தொட்டுவைப்பார்கள். நீல வெளிச்சத்தில் அது பச்சையாக ஒளிரும். சாஃப்ட் லென்ஸ் சாயத்தை உறிஞ்சிக்கொள்வதால் எங்கே மடிந்து கிடந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். கருவிழியில் கீறல் இருந்தாலும் பச்சைக் கோடாகத் தெரியும். ஊசியும் இல்லை, ஆபரேஷனும் இல்லை. சின்னக் கீறல் ஓரிரு நாளில் ஆறிவிடும், ஆன்டிபயாடிக் சொட்டு எழுதிக்கொடுப்பார்கள். அந்த மரத்துப்போகும் சொட்டை வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போகலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. கூடாது. வலி தெரியாமல் இருக்கும், ஆனால் புண் ஆறாது, கருவிழியே கெட்டுப்போகும்.

பாட்டி விஷயத்துக்கு வருகிறேன். தாய்ப்பால், பன்னீர், விளக்கெண்ணெய், இளநீர், எதுவும் வேண்டாம். அவர் காலத்துக் கண்ணில் லென்ஸ் இல்லை. லென்ஸும் கீறலும் சேர்ந்த கண்ணில் கிருமி இல்லாத திரவம்தான் போக வேண்டும், அதற்கு மேல் பேச்சே இல்லை. குழாய்த் தண்ணீரும் அப்படித்தான். மெட்ரோ வாட்டராக இருந்தாலும், போர் தண்ணீராக இருந்தாலும், கேன் தண்ணீராக இருந்தாலும் அதில் அகாந்தமீபா என்ற ஒற்றைச் செல் உயிரி இருக்கலாம். குடித்தால் ஒன்றும் ஆகாது. லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் மாதக்கணக்கில் மருந்து விட வேண்டிவரும், பார்வையே போகவும் கூடும். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் உப்புப் போட்டு வீட்டிலேயே சலைன் செய்வதும் வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் “கண்ணு சிவந்திருக்கு” என்று சொன்னதும் எடுத்துக் கொடுக்கும் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து இவற்றைவிட மோசம். நம்ம ஊர்ப் பக்கம் கருவிழியில் பூஞ்சைத் தொற்று வருவது சகஜம். அது இருக்கும்போது ஸ்டீராய்டு விட்டால் சிவப்பு குறைந்த மாதிரி இருக்கும், உள்ளே புண் பரவும்.

தண்ணீர் கூடாது என்று சொன்னதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு. கண்ணில் டாய்லெட் ஆசிட், சாக்கடை அடைப்புத் தூள், சுண்ணாம்பு, பெயின்ட் தின்னர் போன்றவை தெறித்துவிட்டால் லென்ஸைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இல்லை. கையில் எந்தத் தண்ணீர் கிடைக்கிறதோ அதால் உடனே கழுவத் தொடங்கி, குறைந்தது இருபது நிமிஷம் ஓடவிடுங்கள். கழுவும்போதே லென்ஸ் வந்துவிட்டால் நல்லது. வரவில்லை என்றாலும் கழுவுவதை நிறுத்தாமல், அப்புறம் நேராக ஆஸ்பத்திரிக்கு.

தங்கையைப் பற்றி. லென்ஸ் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கண் முழுக்க வெளுக்கும் வரை, டாக்டர் சரி என்று சொல்லும் வரை லென்ஸ் வேண்டாம். கண்ணைக் கட்டுப்போட்டு மூடவும் வேண்டாம், லென்ஸ் போடும் கண்ணில் கீறல் இருக்கும்போது மூடிவைத்தால் கிருமிக்குத்தான் வசதி. கல்யாணத்தன்று போடுவதானால் முகூர்த்தத்துக்கு இல்லாமல் ரிசப்ஷனுக்கு மட்டும் போட்டுக்கொள்ளச் சொல்வேன். ஹோமப்புகையில் கண்ணீர் கொட்டும், கசக்காமல் இருக்க முடியாது, கசக்கினால் மறுபடி இதே கதை. லென்ஸ் போட்ட பிறகுதான் பவுடரும் மையும், கழற்றும்போது முதலில் லென்ஸ், அப்புறம்தான் மேக்கப் கலைப்பது. பார்லரில் ஏற்கெனவே யாரோ போட்ட கலர் லென்ஸை சொல்யூஷனில் கழுவிக் கொடுப்பார்கள், அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். சீல் உடைக்காத, ஒருநாள் போட்டுத் தூக்கிப்போடும் ரகம் வாங்குங்கள்.

ஹார்டு லென்ஸ் போடுகிறவர்களுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. கருவிழி கூம்பு மாதிரிப் புடைக்கும் கெரட்டோகோனஸுக்காக ஆர்ஜிபி என்ற ஹார்டு லென்ஸ் போடுகிறவர்கள் இங்கே நிறைய. அது சின்னது, சுமார் 9 முதல் 10 மில்லிமீட்டர், நழுவினால் வெள்ளை விழியில் உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதைக் கிள்ளவும் முடியாது, கருவிழியின் மேல் இழுத்துக்கொண்டு போனால் கீறும். லென்ஸ் இருக்கும் இடத்துக்கு எதிர்ப்பக்கம் பார்த்து, லென்ஸின் ஓரத்துக்குப் பக்கத்தில் இமையின் விளிம்பை வைத்து லேசாக அழுத்தினால் அந்த உறிஞ்சல் விட்டுப்போகும், லென்ஸ் தளர்ந்து நகரும். லென்ஸை உறிஞ்சிப் பிடித்து எடுக்கச் சின்ன ரப்பர் பிளஞ்சர் கொடுத்திருப்பார்கள். அதன் நுனியைச் சலைனில் நனைத்து, லென்ஸின் மேல்தான் வைக்கிறோம் என்று கண்ணாடியில் பார்த்து உறுதிசெய்துகொண்டு ஒட்டவைத்து எடுக்கலாம். வெறும் கருவிழியில் அதை ஒட்டி இழுத்தால் விபரீதம். சாஃப்ட் லென்ஸுக்கு இந்தப் பிளஞ்சர் கிடையாது. வெள்ளை விழி வரை மூடும் பெரிய ஸ்கிளீரல் லென்ஸ் என்றால் பிளஞ்சரை நடுவில் வைக்காமல் ஓரத்தில் வைத்துச் சாய்த்து எடுக்க வேண்டும்.

ஒருமுறை நழுவுவது யாருக்கும் நடக்கும். மாதத்தில் இரண்டு மூன்று தடவை மேலே போகிறது என்றால் அது பொருந்தாத லென்ஸ். ஆன்லைனில் வாங்கும்போது பவரை மட்டும் பார்த்து ஆர்டர் போடுகிறார்கள். கண்ணாடிக்கு எழுதிக்கொடுத்த சீட்டு லென்ஸுக்குப் போதாது. லென்ஸ் டப்பாவில் பவருக்குப் பக்கத்தில் ‘பிசி’ என்று ஒரு எண் இருக்கும், 8.4, 8.6 என்பது போல. அது லென்ஸின் வளைவு. ‘டிஐஏ’ என்பது குறுக்களவு. உங்கள் கருவிழியின் வளைவுக்கு லென்ஸ் தட்டையாக இருந்தால் தளர்ந்து ஓடும், இறுக்கமாக இருந்தால் ஒட்டிக்கொண்டு கண் சிவக்கும். டாக்டரிடமோ எங்களிடமோ வரும்போது அந்த டப்பாவையோ மேல் ஃபாயிலையோ தூக்கிப்போடாமல் கையோடு கொண்டுவாருங்கள். எந்த லென்ஸ் என்று தெரிந்தால்தான் எதைத் தேடுகிறோம், அடுத்து எதை மாற்ற வேண்டும் என்று சொல்ல முடியும்.